பல்லைப் பிடித்துப் பார்த்தல்

முந்தாநாள் பெய்த பனி
பிஷ்கெக் வண்டிச் சந்தையில் சேறாகிவிட்டது.
ஆயிரம் கார்கள், ஆயிரத்துக்கும் கழுவிய முகம்.
என்னிடம் மூன்றரை லட்சம் சோம்,
கைக்குட்டையில் சுற்றிய ஒரு காந்தம்,
மதியத்துக்குள் நாரினுக்குக் கிளம்ப வேண்டிய அவசரம்.

நான் கால்நடை மருத்துவர்.
வாயைத் திறந்து காட்டினால் போதும்
குதிரையின் வயதைச் சொல்லிவிடுவேன்.
காருக்குப் பல் எங்கே இருக்கிறதென்று
குனிந்து குனிந்து தேடிக் கண்டுபிடித்தேன்:
பிரேக் மிதியில்.

முதலாவது, தொண்ணூற்றிரண்டாம் வருடத்து ஆடி.
ஸ்டியரிங் இடப்பக்கம், எங்கள் சாலைக்கு ஏற்றபடி.
ஜோல்தோஷ் அதன் பானெட்டைத் தட்டிக்கொடுத்து
"ஜெர்மன் இரும்பு, இப்போதெல்லாம்
இப்படி அடிப்பதில்லை" என்றார்.
மீட்டரில் ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம்.
மிதியின் ரப்பர் தேய்ந்து
உலோகம் இளிக்கிறது.

காந்தத்தை வைத்தேன்.
முன்கதவில் கவ்விக்கொண்டது.
பின்கதவில் கவ்விக்கொண்டது.
நடுத்தூணுக்குக் கீழே
சத்தமில்லாமல் சேற்றில் விழுந்தது.
கோட்டு நனையப் படுத்துப் பார்த்தேன்.
தரைத்தகட்டின் குறுக்கே ஒரு பற்றவைப்புத் தழும்பு.
நள்ளிரவில், டார்ச் வெளிச்சத்தில்,
வயிறு கிழித்த பசுவுக்குக்கூட
இதைவிட நன்றாகத் தையல் போட்டிருக்கிறேன்.
முன்பாதி ஒரு விபத்திலிருந்து,
பின்பாதி வேறொன்றிலிருந்து.
இரண்டு வண்டிகளை ஒப்பிட வந்தேன்,
முதல் வண்டியே இரண்டாக இருந்தது.

ஜோல்தோஷ் கோபப்படவில்லை.
காந்தத்தை எடுத்துத் தன் சட்டையில் துடைத்துத் தந்தார்.
"ஆனாலும் ஓடுகிறதே" என்றார்.
பதினோரு வருடம் என் திருமணத்தைப் பற்றி
அம்மாவும் இதையேதான் சொன்னாள்.

இரண்டாவது, ஹோண்டா ஃபிட். இரண்டாயிரத்து நான்கு.
ஜப்பானிலிருந்து கப்பலில் வந்தது, ஸ்டியரிங் வலப்பக்கம்.
ஆயில் மூடியின் உட்புறம் சுத்தம்,
வெண்ணெய்போல் எதுவும் படியவில்லை.
ஸ்டெப்னிக் குழியில் தண்ணீர் இல்லை,
ஒரே ஒரு பாதாமிக் கொட்டை உருண்டது.
புகை வெள்ளைதான், ஆனால் குளிரில்
என் வாயிலிருந்தும் வருகிற அதே வெள்ளை.
இருமுறை வலம் வந்தேன். காந்தம் எங்கும் விழவில்லை.

ஒன்று மட்டும் இடித்தது.
ஓட்டுகிறவர் இருக்கையைவிடப்
பக்கத்து இருக்கை பள்ளமாக இருந்தது.
"இதில் யார் உட்கார்ந்தது?"
எர்மேக் மூக்கை உறிஞ்சினான். "அண்ணன்.
முன்னால் லாரி போனால்
இந்தப் பக்கமிருந்து எதிரே வருவது தெரியாது.
அவன் எட்டிப் பார்ப்பான்.
போ என்பான், இல்லையென்றால் பொறு என்பான்.
இப்போது யாகூட்ஸ்க்கில் கட்டட வேலை."
"அப்புறம் நீ என்ன செய்தாய்?"
"அதான் விற்கிறேன்."

மூன்று லட்சத்து முப்பதாயிரத்துக்குக் கை குலுக்கினோம்.
அவன் கை என்னுடையதைவிடச் சில்லிட்டிருந்தது.
கொட்டையை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டான்.
எடுத்துக்கொண்டான்.

தோலோன் கணவாயில், இருட்டும் நேரத்தில்,
முன்னால் ஒரு நிலக்கரி லாரி.
மணிக்கு இருபத்தைந்து.
அதன் நம்பர் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.
கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினால்
பள்ளத்தாக்கு தெரிகிறது,
பள்ளத்தாக்கு மட்டும் மிக நன்றாகத் தெரிகிறது.
இடம் காலி. அதில் என் மருந்துப் பெட்டி,
அதற்கு சீட் பெல்ட் போட்டிருக்கிறேன்.

யாருக்கும் அணைக்கத் தெரியாத அந்தச் சின்னத் திரையிலிருந்து
ஒரு ஜப்பானியப் பெண் ஏதோ சொன்னாள்,
மிக மரியாதையாக, இரண்டு தடவை.
போ என்றாளோ, பொறு என்றாளோ.

பொறு என்று எடுத்துக்கொண்டேன்.
பின்னால் அலறிய ஹாரனுக்கு
ஜப்பானிய மொழி தெரியவில்லை.